ஏர் ஃப்ரையரில் பீஃப் ஜெர்க்கி: கேட்டவையும் பதில்களும்

ஜெர்க்கி, அதாவது மெல்லியதாக வெட்டி மசாலாவில் ஊறவைத்து உலர்த்திய இறைச்சி, பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் "எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்" என்பதில்தான் வந்து நிற்கின்றன. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஏர் ஃப்ரையர் வறுப்பதற்கென்று செய்த சாமான், நாம் அதை உலர்த்தச் சொல்கிறோம். டிகிரி எல்லாம் செல்சியஸ்தான்.

கேள்வி: என் ஏர் ஃப்ரையர் 80 டிகிரிக்குக் கீழே இறங்காது, உலர்த்தும் மோடும் கிடையாது. புதுசு வாங்கணுமா?

வேண்டாம். 80-லேயே வரும், கொஞ்சம் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். உலர்த்துவதற்கென்றே செய்த டீஹைட்ரேட்டர் மெஷின் 55, 60 டிகிரியில் பல மணி நேரம் நிதானமாகச் செய்யும் வேலையை இது இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். அதனால் ஒன்றரை மணி நேரத்திலிருந்தே திறந்து பார்க்க ஆரம்பியுங்கள். எல்லாத் துண்டும் ஒன்றாகக் காயாது, ஓரத்தில் கிடப்பதும் மெல்லியதும் முந்திக்கொள்ளும். காய்ந்ததை எடுத்துவிட்டு மீதியைத் திருப்பிப் போட்டு விடுங்கள். நிறைய மாடல்களில் டைமர் ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடும், மறுபடி முடுக்க மறக்காதீர்கள். அப்புறம் விசிறி. காய்ந்து எடை குறைந்த துண்டு அந்தக் காற்றில் எழும்பி மேலே இருக்கும் சூடேற்றும் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும், திடீரென்று கருகல் வாடை வந்தால் முதலில் அங்கேதான் பாருங்கள். மேலே ஒரு கம்பித் தட்டை வைத்து அமுக்கிவிட்டால் தொல்லை இல்லை. சீக்கிரம் ஆகட்டும் என்று 120, 150 வைக்காதீர்கள், அப்படிச் செய்தால் கிடைப்பது ஜெர்க்கி இல்லை, காய்ந்துபோன வறுவல்.

கேள்வி: அக்கா, இவ்வளவு குறைந்த சூட்டில் கிருமியெல்லாம் செத்துவிடுமா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம்தான். இறைச்சி ஈரமாக இருக்கும்வரை மேலே உள்ள நீர் ஆவியாகிக்கொண்டே சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் சுற்றியுள்ள காற்று 80-ல் இருந்தாலும் துண்டு அதைவிட நன்றாகக் கீழேதான் இருக்கும். ஒருவழியாக ஈரம் போய்ச் சூடேறும் நேரத்திலோ, காய்ந்த நிலையில் மாட்டிக்கொண்ட சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் சூட்டைத் தாங்குகிற அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்கும். 1995-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வீட்டில் செய்த மான் இறைச்சி ஜெர்க்கியால் ஈ.கோலை தொற்று பரவியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதனால் அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்வது இதுதான்: முதலில் சூடாக்கு, பிறகு உலர்த்து. மாட்டிறைச்சி 71 டிகிரி, கோழி 74 டிகிரி, அதுவும் ஈரமாக இருக்கும்போதே.

வீட்டில் இதற்குச் சுலபமான வழி, ஊறவைத்த சாற்றோடு சேர்த்தே துண்டுகளைக் கொதிக்கவிட்டு ஐந்து நிமிஷம் வைத்து, வடித்து, துடைத்து, பிறகு கூடையில் பரப்புவது. நிறம் கொஞ்சம் சாம்பல் தட்டும், கடிக்கும்போது லேசாக உதிரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கொதிக்கவைக்கப் பிடிக்காதவர்கள் ஆவியில் வைத்தும் 71-க்குக் கொண்டுவரலாம், ஆனால் தெர்மாமீட்டர் இல்லாமல் செய்யாதீர்கள். இவ்வளவு மெல்லிய துண்டில் எப்படிக் குத்துவது என்று கேட்பீர்கள். ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து முனையைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டிப் பிடியுங்கள், எண் நிற்கும்வரை விடாதீர்கள். உலர்த்தி முடித்தபின் 135 டிகிரியில் ஓவன் அடுப்புக்குள் 10 நிமிஷம் வைக்கிற முறையும் உண்டு. குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் நான் முன்னால் சூடாக்கும் வழியைத்தான் சொல்வேன்.

கேள்வி: எந்தப் பாகம் வாங்குவது? பளிங்கு மாதிரி கொழுப்பு ஓடுகிற ஸ்டீக் துண்டு நல்லா இருக்குமா?

ஸ்டீக்காகச் சுட நல்லா இருக்கும், இதற்கு வீண். கொழுப்பு காயாது, உள்ளேயே தங்கிச் சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். பின் தொடையில் உள்ள கொழுப்பில்லாத சதை, கடைகளில் ரவுண்ட் என்று சொல்கிற பாகம், விலையும் குறைவு, வேலையும் சுலபம். வெளியே தெரிகிற கொழுப்பையும் வெள்ளைச் சவ்வையும் முதலிலேயே சீவி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கத்தி வழுக்குகிறது, ஒரே கனத்தில் வெட்டவே முடியவில்லை. கடித்தால் ஜவ்வு மாதிரி இழுக்கவும் செய்கிறது.

இறைச்சியை ஃப்ரீசரில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வைத்து, கல்லாக உறையாமல் விறைப்பாக ஆனதும் வெட்டுங்கள். 3-லிருந்து 6 மில்லிமீட்டர் கனம் போதும், ஆனால் எல்லாம் ஒரே கனமாக இருப்பதுதான் முக்கியம். இழுக்கிறது என்றால் நார் ஓடுகிற திசையிலேயே வெட்டியிருக்கிறீர்கள். நாருக்குக் குறுக்கே வெட்டினால் பல்லுக்கு மிருதுவாக வரும். மென்றுகொண்டே இருக்கத்தான் ஜெர்க்கி என்பவர்கள் நீளவாக்கில் வெட்டட்டும், அவரவர் தாடை.

கேள்வி: ஊறவைக்கும்போது எண்ணெய் சேர்க்கலாமா? தேன்?

எண்ணெய் கூடவே கூடாது, கொழுப்புக்குச் சொன்ன அதே காரணம். தேன், சர்க்கரை கொஞ்சம் போடலாம், அதிகமானால் கூடையில் ஒட்டி, காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாகவே நிற்கும். சோயா சாஸ், மிளகு, பூண்டுப் பொடி, மிளகாய்த் தூள் இருந்தாலே போதும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்து ஓர் இரவு ஊறட்டும், சமையல் மேடையில் வேண்டாம். கூடையில் போடும் முன் ஒவ்வொரு துண்டையும் டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி எடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டு "மணிக்கணக்கா ஓடுது, காயவே மாட்டேங்குது" என்று எழுதுகிறவர்கள் நிறைய.

கேள்வி: பிங்க் உப்பு கட்டாயம் போடணுமா? வீட்டில் இமயமலை பிங்க் உப்பு இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு, நிறம் மட்டும்தான் ஒன்று. இறைச்சி பதப்படுத்தும் கியூரிங் உப்பில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் இருக்கும், உணவை நஞ்சாக்கும் பாட்யூலிசம் கிருமியைத் தடுக்கும், நிறத்தையும் சிவப்பாக வைக்கும். அளவு கிலோவுக்கு 2.5 கிராம், தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். கை அளவு, கண் அளவு எல்லாம் இங்கே வேண்டாம், கூடினால் நஞ்சு. இமயமலை உப்பு வெறும் உப்புதான். முதலிலேயே சூடாக்கி, செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிடுவதானால் கியூரிங் உப்பு இல்லாமலே செய்யலாம்.

கேள்வி: வெளியே ஓடு மாதிரி காய்ந்துவிட்டது, பிய்த்தால் உள்ளே ஈரம். என்ன தப்பு?

சூடு அதிகம், அல்லது துண்டு கனம். மேல்பக்கம் சட்டென்று இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. சூட்டை உங்கள் மெஷின் அனுமதிக்கிற அளவுக்குக் குறையுங்கள், துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சின்னக் கூடையில் கொஞ்சம் போட்டாலே இடம் தீர்ந்துவிடும் என்பது உண்மை, அதற்குக் குச்சியில் கோத்துக் கூடையின் விளிம்பில் குறுக்கே வைத்துத் தொங்கவிடுங்கள், இரண்டு மடங்கு கொள்ளும். பதம் பார்ப்பது எப்படி என்றால், ஒரு துண்டை வெளியே எடுத்து முழுக்க ஆறவிட்டு வளையுங்கள். வளைந்த இடத்தில் வெடிப்பு விட்டு வெள்ளை நார் தெரிய வேண்டும், இரண்டாக ஒடியக் கூடாது. சூடாக இருக்கும்போது வளைத்தால் எல்லாமே காயாத மாதிரிதான் தோன்றும், அதை நம்பி இன்னும் அரை மணி ஓட்டினால் ஆறிய பிறகு குச்சி.

கேள்வி: ஒரு கிலோ போட்டேன், மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. சரியா?

சரிதான். கொழுப்பில்லாத பச்சை இறைச்சியில் எழுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அதைத்தான் துரத்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: எத்தனை நாள் தாங்கும்?

நன்றாக ஆறவிட்டு, மேலே எண்ணெய்த் துளி தெரிந்தால் ஒற்றிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வெளியே இரண்டு வாரம். அதற்கு மேல் என்றால் ஃப்ரிட்ஜ், இன்னும் நாளாகும் என்றால் ஃப்ரீசர். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். போட்ட மறுநாள் டப்பாவின் உள்பக்கம் பாருங்கள், நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், உடனே எடுத்துத் திரும்ப ஏர் ஃப்ரையரில் போடுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் அந்த ஒரு துண்டை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுகிற வேலை வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.