சாணக் கழிவும் உயிரி எரிபொருளும்: சவ்வு, நொதி பற்றிய கேள்வி பதில்

சாண எரிவாயுக் கலனில், நாரை உடைக்கும் செல்லுலேஸ் நொதி கலந்தால் வாயு கூடுமா?

நேராகக் கலனுக்குள் ஊற்ற வேண்டாம். நொதியும் புரதம்தான், உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் சாணத்தோடு அதையும் சேர்த்துச் செரித்துவிடும். சந்தையில் கிடைக்கும் செல்லுலேஸ் பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையிலிருந்து வருவது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ், பிஎச் (அமில-கார அளவு) 5 இருந்தால்தான் அது முழு வேகத்தில் வேலை செய்யும். உங்கள் கலனில் பிஎச் 7ஐ ஒட்டியே இருக்கும். மாடு ஏற்கெனவே செரித்து மிச்சம் விட்டதுதான் சாணம் என்பதையும் மறக்காதீர்கள். அதிலுள்ள நாரை லிக்னின் என்ற கடினமான தாவரப் பொருள் பூட்டி வைத்திருக்கிறது. நீராவியாலோ காரத்தாலோ அந்தப் பூட்டைத் தளர்த்தி, தனித் தொட்டியில் நொதியோடு ஊறவைத்து, அப்புறம் கலனுக்கு அனுப்பினால் பலன் தெரியும்.

சாண எரிவாயுவைச் சவ்வு (வாயுக்களைப் பிரிக்கும் மெல்லிய படலம்) வழியாகச் சுத்தப்படுத்தும்போது மீத்தேன் எந்தப் பக்கம் வரும்?

அழுத்தம் உள்ள பக்கத்திலேயே நின்றுவிடும். சவ்வைச் சட்டென்று கடப்பது கார்பன் டை ஆக்சைடுதான். ஈரத்தையும் ஹைட்ரஜன் சல்பைடையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சவ்வின் ஆயுள் குறையும்.

சாணக் கரைசலிலிருந்து அம்மோனியாவைப் பிடித்து உரமாக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. நீரை உறிஞ்சாத, நுண்துளையுள்ள பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாயைக் கரைசலில் அமிழ்த்தி, குழாய்க்குள் நீர்த்த கந்தக அமிலத்தைச் சுற்றவிடுவார்கள். துளை வழியே தண்ணீர் போகாது, வாயு மட்டும் போகும். உள்ளே போன அம்மோனியா அமிலத்தில் மாட்டிக்கொண்டு அம்மோனியம் சல்பேட் ஆகிவிடும். அதைத் திரவ உரமாக அப்படியே பயன்படுத்தலாம்.

சூட்சுமம் பிஎச்சில் இருக்கிறது. 25 டிகிரியில், பிஎச் 7.5 என்றால் நைட்ரஜன் கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனிய அயனியாகவே கிடக்கும். வாயுவாக இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 9க்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு வாயுவாகிவிடும். ஆனால் அம்மோனியா வெளியேற வெளியேறக் கரைசலில் அமிலத்தன்மை ஏறி, பிஎச் தானாக இறங்கும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, "முதல் நாள் நன்றாக வந்தது, பிறகு நின்றுவிட்டது" என்கிறார்கள். காரம் சேர்த்துக்கொண்டே இருங்கள். அல்லது மெதுவாகக் காற்றை ஊதுங்கள். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். காற்று அதிகமானால் அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கிவிடும், அளவோடு ஊதுங்கள்.

செரித்த கரைசலை வடிகட்டும் அல்ட்ரா சவ்வு (மிக நுண்ணிய துளையுள்ள வடிகட்டி) சீக்கிரம் அடைத்துக்கொள்கிறதே?

முதலில் திருகு அழுத்தியில் நாரைப் பிரித்தீர்களா? அது இல்லாமல் எந்தச் சவ்வும் தாங்காது. பிரித்த பிறகும் அடைத்தால், அடைப்பு எதனால் என்று பாருங்கள். வழவழப்பான கரிமப் படலம் என்றால் சவ்வு தாங்கும் அளவு காரக் கழுவல். சொரசொரப்பான உப்புப் படிவு என்றால் சிட்ரிக் அமிலம். ஓட்டம் கொஞ்சம் குறையத் தொடங்கும்போதே கழுவிவிடுங்கள். படலம் இறுகிவிட்டால் பழைய ஓட்டம் திரும்பாது.

பழைய எண்ணெயில் பயோடீசல் செய்ய லைப்பேஸ் (கொழுப்பை உடைக்கும் நொதி) நல்லதா?

தனித்துப் பிரிந்த கொழுப்பு அமிலம் அதிகமுள்ள எண்ணெய்க்கு நல்லது. அதில் கார வினையூக்கி போட்டால் சோப்பு உண்டாகும். லைப்பேஸில் அந்தத் தொல்லை இல்லை. மெத்தனாலை மட்டும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள், நொதி செயலிழந்துவிடும். மூன்று தவணையாகப் பிரித்து ஊற்றுங்கள்.