கறுப்பு பூசினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செயற்கைக்கோள்களால் தொலைநோக்கிகளுக்கு நேரும் இடையூறு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இயற்பியலில் முதுகலை முடித்த என் மகள், செயற்கைக்கோள்களின் ஒளிர்வைக் குறைப்பது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறாள். கறுப்பு வண்ணம் பூசினால் தீருகிற காரியத்துக்கு நான்கைந்து ஆண்டு ஆய்வு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கறுப்பு பூசிப் பார்த்தாயிற்று. 2019 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஒரே ஏவலில் அனுப்பிய 60 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் வரிசையாக ஒளிர்ந்து சென்றதைக் கண்டு வானியலாளர்கள் கலங்கிப்போன பிறகு, 2020 ஜனவரியில் ஏவியவற்றுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்புப் பூச்சு இடப்பட்டது. டார்க்சாட் எனப்பட்ட அதன் ஒளிர்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் கறுப்பு உறிஞ்சிய வெயில் வெப்பமாக மாறியது. காற்றில்லாத வெளியில் அந்த வெப்பம் அகச்சிவப்புக் கதிராகத்தான் வெளியேற முடியும் என்பதால், கண்ணுக்கு மங்கிய பொருள் அகச்சிவப்புத் தொலைநோக்கிக்குத் தொல்லையாகவே நீடித்தது. அதே ஆண்டில் வெயில்மறைப்பு பொருத்தினார்கள்; செயற்கைக்கோள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் லேசர் கற்றைகளை அது மறைத்ததால் கைவிட்டார்கள். 2023இல் ஏவியவற்றில் நேர்மாறான வழியைப் பின்பற்றி, வெயிலை நாலாபுறமும் சிதறவிடாமல் பூமிக்கு விலகிய ஒரே திசையில் திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பல அடுக்குப் படலத்தை ஒட்டினார்கள். எந்தக் கோணத்தில் விழும் ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்புகிறது என்பதை ஆய்வகத்தில் அளந்து, அது வானத்தில் நடப்பதோடு பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான வேலை.

எவ்வளவு மங்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. 550 கிலோமீட்டர் உயரத்தில் பொலிவெண் 7ஐ விட மங்கலாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பரிந்துரை. (பொலிவெண் என்பது வானில் ஒரு பொருள் தெரியும் ஒளிர்வைக் குறிக்கும் எண்; அது கூடக் கூட ஒளி குறையும், வெறுங்கண்ணின் எல்லை ஏறத்தாழ 6.) சிலியில் உள்ள ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கியில் அதைவிடப் பிரகாசமான கோடு ஒன்று பதிந்தால், கேமராவின் மின்சுற்றுகளில் கசிந்து, படத்தின் வேறு பகுதிகளிலும் போலிக் கோடுகளை உண்டாக்கும். 7க்கு அப்பால் மங்கினால் அந்தப் போலிகளையாவது கணக்கிட்டு நீக்கிவிடலாம். அசல் கோடு மறைத்த வானம் மறைத்ததுதான்.

இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வு ஒன்றில், விழும் ஒளியில் 2 விழுக்காட்டை மட்டுமே திருப்பும் வான்டாபிளாக் 310 என்ற பூச்சு பரிசோதிக்கப்படுகிறது. ஜோவியன்-1 என்ற சிறிய செயற்கைக்கோளில் அதைப் பூசி அனுப்பத் திட்டமிட்டார்கள். ஆய்வகத்தில் வென்ற பூச்சு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெயிலும் நிழலும் மாறுவதையும், புறஊதாக் கதிரையும், அந்த உயரத்தில் ஒற்றை அணுக்களாகத் திரிந்து பரப்பை அரிக்கும் ஆக்சிஜனையும் ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பதே கேள்வி.

பூச்சுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2022இல் ஏவப்பட்ட புளூவாக்கர் 3 என்ற செயற்கைக்கோள், 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்தபின் பொலிவெண் 0.4 வரை ஒளிர்ந்தது. அங்கிருந்து 7க்கு இறங்க ஒளி 400 மடங்குக்கு மேல் குறைய வேண்டும். முழுக்க வெண்மையான பரப்பில் 2 விழுக்காடு மட்டும் திருப்பும் பூச்சை இட்டாலும் 50 மடங்குதான் குறையும். ஆகவே வடிவத்தையும், சூரியத் தகடுகள் திரும்பியிருக்கும் கோணத்தையும், அளவையுமே மாற்ற வேண்டியிருக்கும். சூரியனுக்கு அருகே ஒளிந்திருக்கும் சிறுகோள்களை அந்திவானில்தான் தேட முடியும், செயற்கைக்கோள்கள் பளிச்சிடுவதும் அதே வேளையில்தான் என்பதால், இந்த ஆய்வை மிக அவசரமானதாகவே கருதுகிறேன்.

உங்கள் மகளைத் தயங்காமல் அனுப்புங்கள். சேரும் முன் நெறியாளரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்: ஆய்வக மாதிரிகளோடு நிற்காமல், சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோளைத் தொலைநோக்கியில் அளந்துபார்க்கவும் அங்கே வாய்ப்பு உண்டா?