திருமலைக்கு (திருகோணமலைக்கு) 3 நாள் வாறீங்களோ? டவுனுக்குள்ள நிண்டு நடந்து பாருங்கோ

கேள்வி: அக்கா, ஓகஸ்ட் ஸ்கூல் லீவுக்கு 3 நாள் திருகோணமலைக்கு வருவம் எண்டு இருக்கிறம். நான், அவர், 11 வயசு மகன், 6 வயசு மகள், முழங்கால் வருத்தத்தோட மாமி. சொந்த வாகனம் இல்ல. எல்லாரும் நிலாவெளியில ஹோட்டல் எடுங்க எண்டுதான் சொல்றாங்க, ஆனா அங்க நிண்டா ஒவ்வொரு இடத்துக்கும் வேன் பிடிக்க வேணும், அந்தக் காசை நினைச்சா அவர் போகவே வேணாம் எண்டுறார். டவுனுக்குள்ள நிண்டா பிள்ளைகளுக்குப் பாக்க ஏதும் இருக்கா?
— ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, டவுனுக்குள்ளயே றூம் எடுங்கோ. என்ட ஊர் எண்டதுக்காகச் சொல்லேல்ல, திருமலை டவுன் இருக்கிற இருப்பே அப்பிடி. ரெண்டு கடலுக்கு நடுவில ஒடுங்கின நிலம், ஒரு பக்கம் டச்சுபே, மற்றப் பக்கம் உள் துறைமுகம், இடையில கடைத்தெரு, சந்தை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம். மகளைக் கையில பிடிச்சுக்கொண்டு மெல்ல நடந்தாலும் ஒரு கடலில இருந்து மற்றக் கடலுக்கு 20 நிமிசம் காணும். விடிய டச்சுபேயில சூரியன் எழும்பிறதைப் பாத்திட்டு, பின்னேரம் துறைமுகப் பக்கம் போய் நிண்டா அதே சூரியன் அங்கால மலைகளுக்குப் பின்னால இறங்கிறதையும் பாக்கலாம். நான் சின்னனில இருந்து பாக்கிறன், இன்னும் அலுக்கேல்ல.

வாறது பஸ்ஸில, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியா வாங்கோ. எங்கட அம்மா மட்டக்களப்புக்குக் கலியாண வீட்டுக்குப் போன கதை சொல்லுவா, ஒவ்வொரு துறையிலயும் இறங்கி, பாதை (ஆக்களையும் வாகனங்களையும் ஏத்திற மிதவை) வருமட்டும் காத்திருந்து, அக்கரை ஏறி, பிறகும் பஸ். 2009 இல கிண்ணியாப் பாலம் திறந்தாப்பிறகு அங்க காத்துக்கிடக்கிற வேலை இல்லாமப் போச்சு. 396 மீற்றர் நீளம், ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மற்றப் பக்கம் கொட்டியாரக் குடா, அந்த இடம் வரேக்க பிள்ளைகளை ஜன்னல் கரையில இருத்துங்கோ.

இனி முக்கியமான விசயம், வெயில். ஓகஸ்டில கடல் அமைதியா இருக்கும், ஆனா தென்மேற்கால வாற கச்சான் காத்து நெருப்பு மாதிரி வீசும், அது உங்கட ஊரிலயும் அப்பிடித்தானே. அதால நடக்கிறதெல்லாம் விடியக் காலமையும் பின்னேரமும் மட்டும், 10 மணிக்குப் பிறகு றூமில படுங்கோ, இல்லாட்டி உள் துறைமுக வீதியில டச்சுக்காரர் காலத்துப் பழைய வீட்டில ஒரு கடல்சார் மியூசியம் இருக்கு, அங்க போங்கோ. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றன் எண்டா, போன வருசம் தங்கச்சியின்ர பிள்ளைகளை நான் மத்தியானம் 12 மணிக்குக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன், செருப்புக் கழட்டி வைச்சிட்டு ரெண்டு எட்டு வைச்சதும் சின்னவனுக்கு உள்ளங்கால் கொப்பளிச்சு, தூக்கிக்கொண்டுதான் இறங்கினது. பிறகு ரெண்டு நாளும் பிள்ளை றூமுக்குள்ளதான். இப்ப நினைச்சாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.

அதால கோயிலுக்கு விடியவே வெளிக்கிடுங்கோ. கோயில் பிரெட்றிக் கோட்டைக்குள்ள இருக்கு, கோட்டை வாசலில இருந்து கோயிலடிக்கு ஏத்தமான றோட்டு, மாமியை ஓட்டோவில முன்னால அனுப்பிட்டு நீங்க நாலு பேரும் நடவுங்கோ. வாசலில அவசரமாப் பூந்து போகாதீங்கோ, வாசல் கல்லைப் பாக்க வேணும். இரட்டை மீனும், "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை" எண்டு தொடங்கிற பழைய தமிழ் எழுத்தும் செதுக்கியிருக்கு. குளக்கோட்டன் எண்டது இந்தக் கோயில் திருப்பணி செய்தவர் எண்டு சொல்லுற பழைய அரசன். 1622 இல போர்த்துக்கீசர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லுகளைக் கொண்டுதான் இந்தக் கோட்டையைக் கட்டினவங்கள். எங்கட அப்பா என்னை 8 வயசில அந்த இடத்தில நிப்பாட்டி எழுத்துக் கூட்டி வாசிக்க வைச்சவர், அரைவாசி விளங்கேல்ல, ஆனா அந்தக் கல் எங்க இருந்து வந்தது எண்டு அவர் சொன்னது மட்டும் இன்னும் காதில நிக்குது. உங்கட மகனும் வாசிக்கட்டும். ஏழாம் நூற்றாண்டில சம்பந்தர் பதிகம் பாடின தலம், இப்ப நாங்கள் கும்பிடுற கோயில் 1963 இல குடமுழுக்குக் கண்டது, இடையில 300 வருசத்துக்கு மேல அந்த மலையில கோயிலே இல்ல. 1950 இல கிணறு வெட்டேக்க பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளால வந்தது, 1956 இல ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின்ர கூட்டாளி மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள்ள சுழியோடி இடிஞ்ச கோயிலின்ர தூண்களைக் கண்டவை. 11 வயசுப் பெடியனுக்கு இந்தக் கதை பிடிக்காம இருக்காது.

மகளுக்கு மான். கோட்டைக்குள்ள புள்ளிமான் றோட்டுக் கரையிலயே மேயும், கிட்ட நிண்டு பாக்கலாம், ஆனா பிஸ்கட் பக்கற் ஒண்டும் நீட்ட விடாதீங்கோ, பொலித்தீனைத் திண்டு செத்த மான்கள் இருக்கு, எங்கட சனத்துக்கு எத்தனை தரம் சொன்னாலும் கேக்குதில்ல. கோயிலுக்குப் பின்னால இராவணன் வெட்டு எண்டுற பாறைப் பிளவுப் பக்கம் பிள்ளைவரம் கேட்டு மரத்தில தொட்டில் கட்டியிருப்பினம், அது பக்கத்தில செங்குத்தான மலை, ரெண்டு பிள்ளைகளையும் கையை விடாதீங்கோ.

பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயில் பூசை, அங்கயிருந்து நடந்து டச்சுபே கடற்கரை. மாமி மணலில இருந்து காத்து வாங்கட்டும், பிள்ளைகள் கால் நனைக்கட்டும், சுடச்சுட இறால் வடையும் கடலையும் வாங்கிச் சாப்பிடுங்கோ. இதுக்கு மேல அந்தப் பொழுதுக்கு ஒண்டும் தேவையில்ல. நிலாவெளிக் கடலில குளிக்க ஆசையெண்டா ஒரு நாள் காலமை பஸ்ஸில போயிட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பலாம், 16 கிலோமீற்றர்தான்.

கேள்வி: புறாத்தீவுக்கு 5 வயசுப் பிள்ளையோட போகலாமா?
— ஒரு வாசகர், வவுனியா

பதில்: போகலாம், நிலாவெளியில இருந்து போட்டில கொஞ்ச நேரம்தான். ஆனா பிள்ளையின்ர அளவுக்கு லைஃப் ஜக்கற் இருந்தா மட்டும் ஏறுங்கோ. எனக்கு ஒருக்கா ஒரு போட்காரர் பெரிய ஆக்களின்ர ஜக்கற்றைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டவர், அது கழுத்தால கழண்டு வருது, நான் இறங்கி வேற போட் பிடிச்சன். 2003 இல தேசியப் பூங்காவாக்கின இடம் அது, முருகைக்கல்லு (பவளப்பாறை) ஏற்கனவே நல்லாப் பழுதாப் போச்சு, தயவுசெய்து அதில ஏறி நிக்காதீங்கோ, பிள்ளையையும் நிக்க விடாதீங்கோ, ஒரு விரலளவு வளர எத்தனையோ காலம் எடுக்கிற உயிர் அது.

கேள்வி: கன்னியா வெந்நீர்க் கிணத்தில இறங்கிக் குளிக்கலாமோ? டிசம்பரில வந்தா நல்லமோ?
— ஒரு வாசகி, ஹற்றன்

பதில்: இறங்கிறேல்ல பிள்ளை, சின்னச் சின்னக் கிணறுகள், 7 இருக்கு, வாளியால அள்ளி ஊத்திறது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, முதல் கையில விட்டுப் பாத்திட்டுப் பிள்ளைகளுக்கு ஊத்துங்கோ. எங்கட சனம் செத்தவைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வாற இடமும் அதுதான், ஆரும் கிரியையில இருந்தா சத்தம் போடாம ஒதுங்கி நில்லுங்கோ. டிசம்பர் வேணாம், வாடைக் காத்தும் மழையும், கடல் கொந்தளிக்கும். மே தொடங்கி செப்டெம்பருக்குள்ள ஒரு லீவு பாத்து வாங்கோ.