ஜவ்வு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம், இன்னும் கால் வலி: மறுபடி ஆபரேஷன் என்றால் எந்த டாக்டரை நம்புவது?

கேட்டிருப்பவர் போடிக்காரர், வயது 38. இடுப்புப் பக்க முதுகெலும்பில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருக்கும் (எல்4-எல்5) ஜவ்வு விலகி ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஐந்து வாரம் கழித்தும் இடது காலில் வலி இழுக்கிறது. அதே டாக்டர் இப்போது முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து மறுபடி ஆபரேஷன் என்கிறார், என்ன செய்வது என்பது கேள்வி.

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமலே போனாலோ, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனாலோ, நேற்று தூக்கிய பாதம் இன்று தொங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அது மறுநாளுக்குத் தள்ளுகிற காரியம் இல்லை. காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

இதெல்லாம் இல்லையென்றால், இப்போது இருக்கும் வலியை மட்டும் வைத்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நானும் இதே இடத்தில் நின்றவன்.

எனக்குக் கம்பம். மலைக்கு மேலே கேரளாவில், வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி இறங்குவேன், மூட்டையும் தூக்குவேன். 2019 ஜனவரியில் இடது பிட்டத்தில் ஆரம்பித்த வலி கால் வழியாகப் பாதம் வரை இறங்கியது. நான் முதலில் பார்த்த டாக்டர் எம்ஆர்ஐ படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார், 'வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகிடுங்க' என்றார். என் காலை அவர் தொடவே இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மைத்துனர்தான் பிடித்து நிறுத்தினார். 'மாமா, இன்னொரு டாக்டர்ட்ட காட்டாம கத்தி வைக்க வேணாம்' என்றார்.

எங்களுக்கு மதுரையும் கோட்டயமும் நூறு கிலோமீட்டருக்கு மேல்தான். குமுளி தாண்டிக் கோட்டயம் போனோம். அந்த டாக்டர் படத்தைக் கவரை விட்டே எடுக்கவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார், அப்புறம் முன்பாதத்தில். படுக்க வைத்துக் காலை நீட்டினபடியே தூக்கிப் பார்த்தார். கடைசியாக என் பெருவிரல் மேல் தன் ஒரு விரலை வைத்து அழுத்தி, 'மேலே தூக்குங்க' என்றார். வலது விரல் அவர் விரலைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. இடது விரல் அசையக்கூட இல்லை. 'செருப்பு கழன்று விழுகுதா?' என்று கேட்டார். ஸ்டோரில் நடக்கும்போது இடது செருப்பு எனக்குத் தெரியாமலே பின்னால் தங்கிவிடும். வார் தேய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு ஜோடி மாற்றியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தார். காலில் கண்டதும் படத்தில் இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் படத்தை நம்பி வெட்டக் கூடாது என்றார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகு படித்தபோது புரிந்தது. முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. இருபது வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு ஜவ்வு புடைத்திருக்கிறது, எண்பது வயதில் 84 பேருக்கு. படத்தில் தெரிகிற எல்லாமே வலிக்குக் காரணம் இல்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் நான் அவரை நம்பியதற்குக் காரணம். 'ஆபரேஷன் உங்க கால் வலிக்குத்தான். முதுகு வலி போகும்னு நான் சொல்ல மாட்டேன். மரத்த இடம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், முழுசா திரும்பாமலும் போகலாம்.' கால் பலம் குறையாமல் இருந்திருந்தால் ஆறு வாரம் மாத்திரையிலும் பயிற்சியிலும் காத்திருக்கச் சொல்லியிருப்பேன், பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே குறைந்துவிடும் என்றும் சொன்னார். ஆபரேஷனால் என்ன கிடைக்காது என்பதை அவர் வாயாலேயே கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் ஒரு டாக்டரை எடைபோட இதைத்தான் பாருங்கள்.

ஆபரேஷன் அன்றே கால் வலி பாதிக்கு மேல் போய்விட்டது. வெட்டின இடம்தான் எரிந்தது. எழும்போது மரக்கட்டை புரள்கிற மாதிரி உடம்பு மொத்தமும் ஒரு பக்கமாகத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பக்கத்தில் நின்ற நர்ஸ் 'சேட்டா, பதுக்கே, பதுக்கே' (அண்ணா, மெதுவா, மெதுவா) என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வரும்போது முண்டக்கயத்தில், குட்டிக்கானத்தில், குமுளியில் என்று காரை நிறுத்தி நிறுத்தி இறங்கி நடந்தேன்.

மூன்றாவது வாரம் வலி திரும்பியது. ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து அழுதிருக்கிறேன். போன் செய்தபோது, சிறுநீர், மரத்துப்போவது, காய்ச்சல் என்று ஆரம்பத்தில் நான் எழுதியிருக்கும் ஆபத்து அறிகுறிகளைத்தான் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மறுநாளே வரச் சொல்லி விரலை மறுபடி அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் தூக்க முடிந்தது. நரம்பைச் சுற்றி வீக்கம் இருக்கிறது, நடையை ஒரே வாரத்தில் இரண்டு மடங்காக்கியதில் கிளம்பியிருக்கிறது என்றார். நசுங்கிய நரம்பு வளர்கிற வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பாருங்கள்.

என் மனைவி தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள்: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை நிமிஷம் நடந்தேன், ராத்திரி எத்தனை தடவை விழித்தேன். தினம் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை என்றுதான் தோன்றும். ஒரு மாதத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஏழு, நாலாகியிருந்தது. ரிவ்யூவுக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டு வாங்கியது அந்தத் தாள் கட்டைத்தான்.

ராத்திரி மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில். குத்த வைத்து உட்காரக் கூடாது என்பதால் நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோம். நரம்பு வலிக்குக் கொடுத்த பிரிகாபலின் மாத்திரையில் தலை சுற்றியது. நானாக நிறுத்தவில்லை, டாக்டரே படிப்படியாகக் குறைத்தார். மெடிக்கலில் போய் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். நம் பக்கம் எல்லாரும் 'கேரளாவில் நல்ல உழிச்சில் (எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது) இருக்கு' என்பார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் ஆபரேஷன் செய்தவர் சரி சொல்லாமல் அந்த இடத்தில் யார் கையும் படக்கூடாது.

இப்போது உங்கள் விஷயம். ஸ்க்ரூ வைப்பது பெரும்பாலும் முதுகெலும்பு ஆடுகிறது என்பதற்காகத்தான், அப்படி ஆடுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். ஜவ்வு மறுபடி பிதுங்கியிருக்கிறதா, தழும்பா என்று பிரித்துப் பார்க்க மருந்து ஊசி போட்டு எடுக்கும் எம்ஆர்ஐ உதவும். செய்யாவிட்டால் என்ன ஆகும், கத்தி பிடிப்பது நீங்களா உங்கள் ஜூனியரா, இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று நேராகவே கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். எலும்பு டாக்டரா நரம்பு சர்ஜனா என்று குழம்ப வேண்டாம், முதுகுத்தண்டிலேயே வேலை செய்பவராக இருந்தால் போதும். அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை விசாரிப்பதானால், ஒரு வருஷமாவது கழிந்தவர்களிடம் விசாரியுங்கள். போன மாதம் செய்துகொண்டவருக்கு இன்னும் எதுவும் தெரிந்திருக்காது.

பழைய படம், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, இந்த ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத இன்னொருவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் யாரையாவது உங்கள் இடது பெருவிரலை அழுத்தச் சொல்லித் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிகிறதா என்று இங்கேயே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.