பேரனுக்குப் ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் ஒன்றாகக் கேட்பது காதுக் கோளாறா?

சிங்கப்பூரில் ஆங்கிலச் சூழலில் வளர்ந்து, விடுமுறைக்குக் காரைக்குடி வரும் பேரனுக்கு ஆயா (பாட்டி) சொல்லும் ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் ஒன்றாகவே கேட்கின்றன என்றும், காதைச் சோதிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மற்ற பேச்சும் ஓசைகளும் அவருக்குத் தெளிவாகக் கேட்கின்றன என்றால், இது செவிக் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. கேட்டு வளர்ந்த மொழி செவிப்புலனைப் பழக்கியதன் விளைவே.

உளவியலாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் 6 முதல் 8 மாத வயதில் இந்தியின் தகர, டகர ஒலிகளைப் பிரித்தறிந்தனர். 10 முதல் 12 மாதத்துக்குள் அத்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பொருளை மாற்றாததால், மூளை அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடுகிறது; ‘ல’, ‘ள’ வேறுபாட்டுக்கும் இதே நிலைதான். இந்தப் பழக்கம் மூளையின் மேலடுக்கான புறணியோடு நிற்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பளிப்பது: சீன மாண்டரின் பேசுவோரின் மூளைத்தண்டு (மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் அடிப்பகுதி), சொற்பொருளை மாற்றும் சுருதி ஏற்ற இறக்கத்தை ஆங்கிலம் பேசுவோரின் மூளைத்தண்டைவிட வலுவாகப் பின்தொடர்வதை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது.

நமக்கும் இதே கதைதான். இந்தியின் ‘க’வையும் மூச்சு கலந்த ‘க்ஹ’வையும் பிரிக்க நம்மில் பலர் திணறுகிறோம், செட்டிநாட்டுப் பேச்சிலேயே ‘வாழைப்பழம்’ பலர் வாயில் ‘வாளைப்பளம்’ ஆவதையும் கேட்டிருப்பீர்கள்.

பேரனுக்குப் பயிற்சி உதவும். ஆயாவின் குரலை மட்டும் கேட்கச் செய்யாமல், ஐயா (தாத்தா), அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எனப் பலர் அதே சொல் இணைகளைச் சொல்ல, அவர் எதுவென்று ஊகித்ததும் உடனே சரியா தவறா என்று கூறுங்கள்.