வெளிநாட்டில் இருந்துகொண்டு ஸ்கூபா பழகுவது: கேள்வி பதில்

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் மூழ்கி நீந்துவது. அந்தப் பயிற்சி பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் தருகிறேன். நீருக்கடியில் படம் எடுப்பது, எந்தக் கேமரா வாங்குவது என்பதற்கெல்லாம் என்னிடம் சரக்கு இல்லை.

அண்ணா, எனக்கு நீச்சல் சுமார்தான். சேரலாமா? (கரையோரம்)

ஸ்கூபா கற்பித்துச் சான்று தரும் ‘பாடி’ (PADI) அமைப்பின் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும். எந்த முறையிலும் நீந்தலாம், நேரக் கணக்கு இல்லை. பிறகு 10 நிமிடம் மிதக்க வேண்டும். முடியாதென்றால் முதலில் நீச்சல் வகுப்புக்குப் போங்கள். கடல் எங்கேயும் ஓடிவிடாது.

வேலை ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாது. பாதியில் நாடு மாறினால் கட்டிய பணம் போச்சா? ‘பாடி’, அதைப் போலவே சான்று தரும் எஸ்எஸ்ஐ (SSI), இரண்டில் எது நல்லது? (பெட்டி படுக்கை)

போகாது. பயிற்சி என்பது பாடம், நீச்சல்குளம், அப்புறம் கடல், ஏரி போன்ற திறந்த நீரில் நான்கு டைவ் (மூழ்குதல்). முதல் இரண்டையும் முடித்ததும், அதுவரை முடித்ததற்குச் சான்றான ‘ரெஃபரல்’ படிவம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘பாடி’யில் அது 12 மாதம் செல்லும். மீதியை வேறு நாட்டில் முடிக்கலாம். குளத்தில் செய்த ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே பயிற்சியாளரின் கையெழுத்து இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டின் சான்று அட்டையும் உலகம் முழுக்கச் செல்லும், இரண்டிலும் இறங்கக்கூடிய ஆழம் 18 மீட்டர்தான். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், அவர் பேசும் மொழி உங்களுக்குப் புரிகிறதா, இதைக் கேளுங்கள். படகில் அவர் விளக்கும்போது பாதி புரியாமல் தலையாட்டிவிட்டு இறங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே போனால் கைச்சைகை மட்டும்தான். ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டால் நம்மவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். நீருக்குள் அது ‘மேலே போகலாம்’ என்பதற்கான சைகை. பயிற்சியாளரும் மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

சின்ன வயதில் இளைப்பு (ஆஸ்துமா) இருந்தது. மருத்துவப் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடலாமா சார்? (தென்றல்)

போடாதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் சுருங்கி, விரிந்த காற்று வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியும். ‘ஆம்’ என்று போட்டால் மருத்துவரின் ஒப்புதல் கேட்பார்கள். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். இளைப்பே இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்தாலே ஆபத்து.

கடைசி நாள் டைவ், அன்றிரவே விமானம். பரவாயில்லையா? (விடுமுறைக்காரன்)

கூடாது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர மலைமேல் இருப்பது போன்றது. அங்கே நைட்ரஜன் குமிழியாகிவிடலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. நான் 24 என்பேன்.

நான் இருக்கும் ஊரில் ஏரிதான். தண்ணீர் 8 டிகிரி, கை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும். வெப்பக் கடலுக்குப் போகும்வரை காத்திருக்கவா? (பனிமூட்டம்)

ஏரியிலேயே பழகுங்கள் என்பது என் கட்சி. தடிமனான உடை, மூழ்குவதற்காகக் கட்டும் கூடுதல் எடை, மங்கலான தண்ணீர், இதையெல்லாம் சமாளித்து நீரில் நிலையாக நிற்கப் பழகியவர் எங்கே போனாலும் தடுமாற மாட்டார்.

இது அநியாயம் சார். முதல் நாளே அந்தக் குளிரில் இறக்கினால் பயந்து விட்டுவிட மாட்டார்களா? (பவளப்பாறை)

சிலர் விடுவார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் அஞ்சுவது குளிருக்கல்ல, மூன்று நாள் விடுமுறைப் பயிற்சிக்கு. இரண்டாம் நாள் ஒருவருக்குக் காது அடைக்கிறது. மூக்கைப் பிடித்து ஊதுகிறார், திறக்கவில்லை. நியாயமாக ஒரு மீட்டர் மேலே வந்து, மெதுவாக மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். அப்படியும் திறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் பணம் கட்டியாயிற்று, நாளை மறுநாள் விமானம். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார், செவிப்பறை கிழிகிறது. உள்ளூரில் பழகுபவர் ‘அடுத்த சனிக்கிழமை வருகிறேன்’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

அவசரம்தான் குற்றம் என்றால் கடலோரத்தில் பத்து நாள் தங்கிப் பழகட்டுமே! குளிரில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) உறைந்து காற்று கொட்டுவதைப் பற்றி ஏன் பேசவில்லை? (பவளப்பாறை)

சரி, நியாயமான அடி. குளிர்நீருக்கென்று செய்த ரெகுலேட்டர் இல்லாத இடத்தில் 8 டிகிரியில் இறங்காதீர்கள். விரல் மரத்தால் மிதவைச் சட்டையில் காற்று நிரப்பும் பொத்தான் எங்கே என்றே தெரியாது, அதுவும் உண்மை. பத்து நாள் விடுப்பு கிடைப்பவர் தாராளமாகக் கடலுக்குப் போகட்டும். எனக்கு எழுதுபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. பனிமூட்டம், நீங்கள் பாடத்தையும் குளத்தையும் ஊரில் நிதானமாக முடியுங்கள். ஏரியா கடலா என்பதைக் கோடையில் தண்ணீர் எப்படி இருக்கிறதென்று பார்த்து முடிவு செய்யலாம்.

உள்நாட்டு விமானம்தான், ஒரு மணி நேரப் பயணம். டைவ் முடித்த கையோடு ஏறலாமா? (சிறகு)

நைட்ரஜன் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. விடுமுறைக்காரனுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சிலிண்டரில் ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் வரும்? (முத்து)

அது ஆக்சிஜன் இல்லை, வடிகட்டி அடைத்த சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். எவ்வளவு நேரம் வரும் என்பது ஆழத்தைப் பொறுத்தது. 20 மீட்டரில் மேற்பரப்பைவிட மூன்று மடங்கு வேகமாகத் தீரும்.

காலை டைவ், மாலை விமானம்? (வானம்பாடி)

24 மணி நேரம்!

கண்ணாடி போடுபவன். கீழே எதுவும் தெரியாதோ? (சோடாபுட்டி)

பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கும். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் போடலாம். ஆனால் பயிற்சியில் நீருக்குள் மாஸ்க்கைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். லென்ஸ் போட்டிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.