மெடூசாவின் முகம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கிரேக்கத் தொன்மங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தபின் பார்வையால் மனிதரைக் கல்லாக்கும், பாம்பு முடி கொண்ட மெடூசாவின் உருவங்களைத் தேடிப் பார்த்தேன். கோர்ஃபு தீவின் கோயில் சிற்பத்தில் நாக்கைத் தொங்கவிட்டுப் பல்லைக் காட்டும் அரக்கி. மியூனிக்கில் உள்ள பளிங்கு முகத்திலோ பேரழகி. கடல் தெய்வம் பொசைடன் அவளைக் கோயிலில் வல்லுறவு செய்ய, அந்தக் கோயிலின் தெய்வம் அதீனா அவளையே பாம்பு முடி கொண்டவளாகச் சபித்தாள் என்பதுதானே மூலக்கதை? அந்தப் பழைய சிற்பிகள் ஏன் அவளிடம் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சிற்பிகளுக்கு நீங்கள் சொல்லும் கதை தெரிந்திருக்க வழியில்லை. அதைப் பாடியவர் ரோமானியக் கவிஞர் ஓவிட், கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில். கோர்ஃபு சிற்பம் ஏறத்தாழ கி.மு. 580ஐச் சேர்ந்தது. அதற்கும் முன்பு கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடிய மெடூசாவுக்குச் சாபம் எதுவும் இல்லை. கார்கன் எனப்படும் மூன்று அரக்கிச் சகோதரிகளில் அவள் ஒருத்திதான் சாகக்கூடியவள். பொசைடன் அவளுடன் கூடியதும் கோயிலில் அல்ல, வசந்த மலர்கள் நிறைந்த புல்வெளியில்.

இலியட் பாடிய ஹோமரிடம் போனால் கார்கனுக்கு உடல்கூட இல்லை. மன்னன் அகமெம்னனின் கேடயம் போன்ற இடங்களில் ஒரு முகம், அவ்வளவுதான். முகம் முதலில் வந்தது, கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன். தீயதை விரட்டும் முகம் அது. மதுக்கிண்ணத்தின் உட்புறத்திலும் அதைத் தீட்டினார்கள். குடித்து முடித்தவனை அடியிலிருந்து அது முறைக்கும். கோர்ஃபுவில் அவள் ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பு முக்கோணத்தில், இடுப்பில் பாம்புகளை முடிச்சிட்டு நிற்கிறாள். வீரன் பெர்சியஸ் அவள் கழுத்தை வெட்டிய பிறகே பிறக்க வேண்டிய பிள்ளைகளான சிறகுக் குதிரை பெகாசஸும் கிரிசோரும், தலை போகாத தாயின் இருபுறமும் இருக்கிறார்கள்! சிற்பி அவளைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறான். காவல் தெய்வத்துக்கு இரக்கம் எதற்கு?

ஆனால் இரக்கம் வந்தது, ஓவிடுக்கு வெகு முன்பே. கி.மு. 490இல் கிரேக்கக் கவிஞர் பிண்டார் அவளை அழகிய கன்னங்கள் உடையவள் என்று பாடிவிட்டார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஏதென்ஸின் பொலிக்னோட்டஸ் என்ற குடம் தீட்டும் ஓவியர் அவளைத் தூங்கும் பெண்ணாக வரைந்தார். கோரைப்பல் இல்லை, பாம்பும் இல்லை. சிறகுகள் மட்டும் மிச்சம். கண்களை மூடிக் கிடக்கிறாள். பெர்சியஸ் முகத்தை அதீனாவின் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் கழுத்தில் அரிவாளை வைக்கிறான். பார்வையால் கல்லாக்குபவளின் கண்களை மூடிவிட்டால் எஞ்சுவது வெறும் கொலைதான். இதை உணர்த்த அந்த ஓவியருக்குச் சாபக்கதை தேவைப்படவில்லை. கிரேக்கக் கலையில் என்னை மிகவும் கலங்கவைக்கும் உருவம் இதுதான். மியூனிக் பளிங்கின் அழகு எனக்குக் குளிர்ந்ததாகவே படுகிறது.

பிறகு 1554இல் இத்தாலியச் சிற்பி செல்லினி, ஃபுளோரன்ஸ் நகர மன்றத்தின் எதிரே, மெடூசாவின் உடலை மிதித்துத் தலையை உயர்த்தும் வெண்கலப் பெர்சியஸை நிறுத்தினார். அதற்கு எதிராகச் சிற்பி லூசியானோ கார்பாட்டி 2008இல் செய்த சிற்பத்தில் வாள் மெடூசாவின் கையில், தலை பெர்சியஸுடையது. ஓவிடின் கதை இன்று பரவலாகியிருப்பதில் இந்தச் சிற்பத்துக்கும் பங்குண்டு. 2020இல் அது நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்தின் எதிரே சில மாதங்கள் நின்றது.

அந்தத் தூங்கும் மெடூசாவின் குடமும் நியூயார்க்கில்தான், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தையும் தேடிப் பாருங்கள். தலைக்குக் கீழே கையை மடித்து வைத்திருக்கிறாள்.